பேச்சுக் காணொளிகளில் பதிப்புரிமை: ஆளுக்கொரு விதி கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் தோட்டத்துச் சமூகக் கூடங்களிலும் நம் மக்கள் ஆற்றிய உரைகளைக் காணொளிகளாகத் திரட்டி இணையத்தில் பாதுகாக்கும் பணியில் தன்னார்வலர் குழுக்கள் ஈடுபட்டு வருகின்றன. சம்பளமோ விளம்பர வருமானமோ எதிர்பாராமல், வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவில் கண்விழித்து இதைச் செய்கிற இளைஞர்களை நான் நேரில் அறிவேன். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பின் காரணமாகவே, இக்குழுக்களில் பதிப்புரிமை விதி கையாளப்படும் முறையைப் பற்றி வெளிப்படையாக எழுத விரும்புகிறேன். விதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது ஒருவருக்கு இறுகுவதும் இன்னொருவருக்குத் தளர்வதும்தான் என் மனக்குறை.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட இக்காலத்தில், அங்கு வாழ்ந்தவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே சொன்ன பதிவுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று, பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் ஆடித் திருவிழாவின்போது கோயில் மண்டபத்தில் பேசிய உரை. விடியுமுன் பெரட்டுக்கு (வருகைக் கணக்கெடுப்புக்கு) நின்றதையும், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரங்களின் நிரைக்கு ஓடியதையும், மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) நிறைந்திருந்த பால் மழையில் கரைந்துபோன நாள்களில் வெறுங்கையோடு லயத்து வீட்டுக்குத் திரும்பியதையும், கையில் தாள் எதுவும் இல்லாமல், இடையில் ஒருமுறை மட்டும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் சொல்லிக்கொண்டே போகிறார். உரையின் நடுவே, மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கியில் போட்டிருந்த திரைப்பாடல் ஒன்று சிறிது நேரம் பின்னணியில் கேட்கிறது. வலையொளியின் (யூடியூப்) தானியங்கி முறை அப்பாடலைக் கண்டறிந்து உரிமைக்கோரல் அனுப்பியது. உடனே குழுவின் பொறுப்பாளர்கள் காணொளி முழுவதையும் நீக்கி, பதிவேற்றிய இளைஞருக்கு எச்சரிக்கையும் விடுத்தனர். "பதிப்புரிமை மீறல்" என்பதற்கு மேல் ஒரு வரி விளக்கமும் தரப்படவில்லை.

அதே குழுவின் தொகுப்பில், தமிழகத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற பேச்சாளர் ஒருவரின் ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவு, அவருடைய சொந்த அலைவரிசையிலிருந்து முழுமையாக இறக்கப்பட்டு, மூலையில் இருந்த சின்னம் மறைக்கப்பட்டு, இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டபோது, பலரும் விரும்பிப் பார்க்கும் உரை என்றும், தமிழுக்குச் செய்யும் தொண்டு என்றும் பதில் வந்தது. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், இவ்விரண்டில் எதை ஏற்றுவதற்குச் சட்டம் இடமளிக்கிறதோ அது நீக்கப்பட்டிருக்கிறது. எதற்கு இடமளிக்கவில்லையோ அது நிலைத்திருக்கிறது. பார்வையாளர் எண்ணிக்கையும் பேச்சாளரின் புகழும் ஒரு விதியின் அளவுகோலாகிவிட்டால், அந்த விதியை யாரும் மதிக்கமாட்டார்கள்.

ஒரு பேச்சுக் காணொளிக்குள் ஒரேயொரு உரிமைதான் இருக்கிறது என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பத்தில் பெரும்பகுதி தொடங்குகிறது. பேசியவரின் சொற்கள் ஒன்று, அவற்றைப் படம்பிடித்த பதிவு மற்றொன்று, பதிவுக்குள் கேட்கும் இசையும் திரையில் காட்டப்படும் படங்களும் வேறு. நம் மலேசிய நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் (சட்டம் 332) விரிவுரை, சொற்பொழிவு, சமய உரை ஆகியவற்றை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. எழுத்திலோ பதிவிலோ ஏதேனும் ஒரு வடிவத்தில் நிலைபெற்ற பிறகே பாதுகாப்புக் கிடைக்கும் என்பதால், தாளில்லாமல் பேசிய மூதாட்டியின் சொற்களும் ஒளிப்பதிவில் ஏறிய கணத்திலிருந்து அவருடைய படைப்பாகின்றன. அதற்காக அவர் எந்த அலுவலகத்துக்கும் போய்ப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்திடம் தாமாக முன்வந்து அறிவிக்கும் ஏற்பாடு 2012 முதல் இருந்து வருகிறது என்றாலும், உரிமை பிறப்பதற்கு அது நிபந்தனையன்று. பதிவின் உரிமை யாருக்கு என்பது தனிக் கேள்வி. கோயில் நிர்வாகம் பணம் கொடுத்து ஒளிப்பதிவாளரை அமர்த்தியிருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, 26ஆம் பிரிவின்படி உரிமை அமர்த்தியவரைச் சேரும். பேரப்பிள்ளை தன் கைப்பேசியில் தானாக எடுத்திருந்தால் அது அந்தப் பிள்ளையுடையது.

பின்னணிப் பாடலைப் பற்றியும் நம் சட்டம் பேசாமல் இல்லை. ஒரு படைப்பு வேறொரு பதிவிலோ படத்திலோ தற்செயலாக இடம்பெறுவதை 13ஆம் பிரிவு உரிமையாளரின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியிருக்கிறது. யாரோ எங்கோ போட்ட பாட்டு மண்டபத்துக்குள் வந்து விழுந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இதற்குக் கிடைக்காது. வலையொளியின் தானியங்கி முறைக்கு ஒலியை ஒப்பிடத் தெரியுமே தவிர, அது தற்செயலா வேண்டுமென்றே செய்ததா என்று எண்ணிப் பார்க்கத் தெரியாது. மேலும், தானியங்கி உரிமைக்கோரல் வேறு, உரிமையாளர் முறைப்படி விண்ணப்பித்து நீக்கச் செய்வது வேறு. முன்னதில் பாடல் கேட்கும் பகுதியை மட்டும் வெட்டவோ ஒலியடக்கவோ வலையொளியே வசதி தருகிறது. பின்னதில் அலைவரிசைக்குத் தண்டப்புள்ளி விழும். 90 நாள்களுக்குள் அப்படி மூன்று விழுந்தால் அலைவரிசையே மூடப்படலாம். இந்த வேறுபாட்டை அறியாத அச்சத்தில்தான் ஒரு முழு உரை பலியானது என்று நினைக்கிறேன். பாடல் கேட்கும் இடத்தில் மட்டும் ஒலியைக் குறைத்து அவ்வுரையை மீண்டும் ஏற்ற வேண்டும் என்று அக்குழுவை இக்கடிதத்தின் வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

பொதுமேடையில் பேசியதெல்லாம் பொதுச்சொத்து என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறோம். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28ஆம் நாள் வாஷிங்டனில் இலட்சக்கணக்கான மக்கள் முன்னிலையில், தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டிக்கொண்டிருக்க, தம் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அப்படிப் பேசியதனாலேயே அவருடைய உரிமை போய்விடவில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1999இல் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1983இல் சேர்க்கப்பட்ட விதி, பொதுவில் ஆற்றிய உரைக்கு அதை ஆற்றியவரே முதல் உரிமையாளர் என்றும், கூட்டத்தை ஏற்பாடு செய்தவரிடமே அவர் வேலை பார்த்தாலும் இது மாறாது என்றும் சொல்கிறது. இந்தியாவும் 1990இல் இணைந்த மலேசியாவும் பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையான பெர்ன் ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் என்பதால், அங்கிருந்து வரும் பேச்சாளரின் உரிமையை இங்கு நாம் மதித்தாக வேண்டும். அவரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் அவர் மகிழ்ச்சியோடு இசைந்திருக்கவும் கூடும். கேட்காமல் எடுத்து, சின்னத்தையும் மறைத்தது தமிழ்த் தொண்டு ஆகாது.

அரசியல் உரைகளின் நிலை வேறு. பெர்ன் ஒப்பந்தம் அரசியல் உரைகளையும் நீதிமன்ற வாதங்களையும் பாதுகாப்பிலிருந்து விலக்கும் உரிமையை உறுப்பு நாடுகளுக்குக் கொடுத்திருக்கிறது. நம் சட்டம் அந்த உரிமையைப் பயன்படுத்தி அரசியல் உரைகளையும் விவாதங்களையும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகவே தேர்தல் மேடையில் ஒருவர் பேசியதை எழுத்தாக்கி வெளியிட எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே பேச்சைத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று படம்பிடித்திருந்தால் அந்தப் பதிவின் உரிமை நிலையத்திடமே இருக்கும். சில குழுக்கள் இதை இரு பக்கமும் தவறாகவே கையாள்கின்றன: தட்டச்சு செய்த உரையை அஞ்சி நீக்குகின்றன, நிலையத்தின் படத்தை அப்படியே ஏற்றுகின்றன.

எங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரசின் முன்னாள் தலைவருமான துன் வீ. தி. சம்பந்தனை எடுத்துக்கொள்வோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைப் பங்கு சேரச் சொல்லிப் பேசியவர் அவர். அவற்றுள் எது அரசியல் உரை, எது கூட்டுறவு உரை என்று பிரிப்பது எளிதன்று. அரசியல் உரையாகக் கொண்டால் சொற்களுக்குத் தடை இல்லை. அப்படிக் கொள்ளாவிட்டால், ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டு என்ற கணக்கில், 1979இல் மறைந்த அவருடைய சொற்களுக்கான உரிமை 2029ஆம் ஆண்டு முடியும்வரை நீடிக்கும். அதே சமயம், 1960களில் வெளியான ஒரு படச்சுருளில் அவர் பேசுவதாக இருந்தால், படத்துக்குரிய 50 ஆண்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரே காணொளியில் படம் விடுதலை பெற்றதாகவும் சொற்கள் இன்னும் உரிமைக்குட்பட்டதாகவும் இருக்கக்கூடும். இத்தகைய ஆவணத்தைப் பார்த்ததும் ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கும் பொறுப்பாளர், எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், ஆராயாமல்தான் எடுக்கிறார்.

நியாயமான பயன்பாட்டைப் பற்றியும் தவறான நம்பிக்கைகள் பரவிக் கிடக்கின்றன. முப்பது நொடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்கிறார்கள். அப்படியொரு நொடிக்கணக்கு நம் சட்டத்தில் எங்கும் இல்லை. 'நன்றி' என்று கீழே போட்டுவிட்டால் போதும் என்கிறார்கள். பெயரைக் குறிப்பிடுவது கடமையின் ஒரு பகுதியே தவிர, இசைவுக்கு ஈடாகாது. பணம் சம்பாதிக்கவில்லையே என்பதும் பதிலாகிவிடாது. ஆய்வு, தனிப்பட்ட கல்வி, திறனாய்வு, நடப்புச் செய்தி முதலிய நோக்கங்களுக்கான பயன்பாட்டைச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு பயன்பாடு நியாயமானதா என்று பார்க்க, 2012இல் நான்கு அளவைகளை அது வகுத்திருக்கிறது. எதற்காகப் பயன்படுத்துகிறோம், எடுத்த படைப்பு எத்தகையது, அதில் எவ்வளவு எடுத்தோம், அதனால் மூலத்தின் சந்தையும் மதிப்பும் பாதிக்கப்படுமா என்ற நான்கையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். பட்டிமன்ற உரை ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் காட்டி, அதில் சொல்லப்பட்ட கருத்தை மறுத்துப் பத்து நிமிடம் பேசுகிற மாணவரின் காணொளி இந்த எடையில் தேறும். முழு உரையையும் எடுத்து, தலைப்பில் 'விமர்சனம்' என்று மட்டும் சேர்த்தது தேறாது. மாணவர் யார், அவர் யாருக்கு வேண்டியவர் என்பதற்கு இந்த நான்கிலும் இடமில்லை.

எல்லாக் குழுக்களும் ஒரே கொள்கையைக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விக்கிப்பீடியாவுக்கான படங்களையும் காணொளிகளையும் சேமித்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம், எவரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் வந்த கோப்புகளையும் பொதுவுரிமைக்கு வந்துவிட்டவற்றையும் மட்டுமே ஏற்கிறது. நியாயப் பயன்பாடு என்ற காரணத்தை அங்கு ஏற்பதே இல்லை. கடுமையான விதிதான். ஆயினும் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏற்றினாலும் பள்ளி மாணவி ஏற்றினாலும் அது ஒன்றே, முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருப்பது, நீக்கம் கோரும்போது காரணத்தைப் பொதுவில் எழுதி மற்றவர்கள் விவாதிக்க இடமளிப்பது. கடுமையை நான் குறை கூறமாட்டேன். எழுதப்படாத விதியையும், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நான்கு பேர் தமக்குள் பேசி முடிவு செய்துவிட்டுப் பதிவேற்றியவருக்குப் பிறகு தெரிவிக்கும் வழக்கத்தையும்தான் குறை கூறுகிறேன். இணையச் சேவை நிறுவனங்களுக்கே நம் சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது: உரிமையாளரின் அறிவிப்பு வந்தால் 48 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும், ஆனால் முடக்கப்பட்டவர் மறுப்பறிவிப்புக் கொடுக்க வழி இருக்க வேண்டும். உரிமையாளர் எவரும் நேரில் முறையிடாத நிலையில், சேவை மனத்தோடு இயங்கும் குழுக்கள் இதைவிடக் கூடுதலான அவகாசமும் விளக்கமும் தருவதில் சிரமம் என்ன இருக்கிறது? ஐயம் எழுந்த காணொளியை அழித்துவிடாமல் பொதுப் பார்வையிலிருந்து மட்டும் மறைத்து வைத்து, எந்த உரிமை குறித்து ஐயம் என்பதை ஒரு பத்தியில் எழுதி, பதிவேற்றியவரின் பதிலைக் கேட்டு, முதலில் முடிவெடுத்தவர் அல்லாத இன்னொருவர் பார்த்து உறுதி செய்யலாம்.

இசைவுக் கடிதம் கேட்பதிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. மின்னஞ்சலில், ஆங்கிலப் படிவத்தில், உரிமத்தின் பெயரைச் சரியாகக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும் என்றால், நகரத்துப் பேச்சாளர் ஒரு நாளில் அனுப்பிவிடுவார். மின்னஞ்சலே இல்லாத தோட்டத்துப் பெரியவர் என்ன செய்வார்? ஒளிப்பதிவாளர் உரை தொடங்குமுன் கருவியை ஓடவிட்டு, "இந்தப் பேச்சை இணையத்தில் போடலாமா, பிறர் எடுத்துப் பயன்படுத்தலாமா, பணத்துக்கு விற்கும் தளத்தில் வந்தால் சம்மதமா" என்று தமிழில் கேட்டு, அவர் வாயாலேயே வரும் பதிலைப் பதிந்து கொள்ளலாம். அதை எழுத்தாக்கி, கைந்நாட்டோ கையொப்பமோ வாங்கிக் கோயில் செயலாளரின் சாட்சியோடு வைத்துக்கொள்ளலாம். படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று படைப்பாளரே முன்கூட்டி அறிவிக்க உதவும் படைப்பாக்கப் பொது உரிமங்கள் (கிரியேட்டிவ் காமன்ஸ்) 2002 முதல் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் பொருளை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, கூட்டம் நடக்கும் இடத்தில் படித்துக் காட்டினால், நம் பெரியவர்களுக்கு விளங்காமல் போகாது. தீபாவளிச் சீட்டும் கூட்டுறவுக் கணக்கும் பிசகாமல் நடத்திப் பழகியவர்கள் அவர்கள்.

இவ்வளவும் சொல்வது பதிவேற்றுவோரின் வசதிக்காக மட்டும் அன்று. அந்த மூதாட்டியின் உரையிலிருந்து வெட்டியெடுத்த சில நிமிடங்கள், அவர் பெயர்கூட இல்லாமல், விளம்பரங்களோடு ஓடும் ஓர் அலைவரிசையில் சோகப் பின்னணி இசை சேர்க்கப்பட்டு உலவுவதை அவர் குடும்பத்தார் எனக்குக் காட்டினர். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன இடமும் அந்த இசையால் அழுகைக் காட்சியாக மாறியிருந்தது. தம்மைப் படைப்பாளராக அடையாளங்காட்டும்படி கோரவும், தம் மதிப்பைக் குலைக்கும் வகையில் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கவும் 25ஆம் பிரிவு படைப்பாளருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை மேடைப் பேச்சாளருக்கு இருப்பதுபோலவே பால்மரம் வெட்டியவருக்கும் இருக்கிறது. பின்னணிப் பாடலுக்காக அவருடைய முழு உரையை நீக்கிய அதே ஊக்கத்தோடு, அவர் சொற்களை எடுத்தவர்மீது முறையிட எவரும் முன்வரவில்லை என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

பொறுப்பாளர்கள் தரப்பில் சொல்வதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர், நேரமும் இல்லை, வழக்கு வந்தால் தாங்கும் வசதியும் இல்லை. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், திருட்டு ஒளிபரப்புக் கருவிகளை விற்போர்க்குக் கடும் தண்டனைகளைக் கொண்டுவந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, கோயில் உரையை ஏற்றினாலே சிறை என்று நம்புகிறவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். இந்த அச்சத்தைப் போக்க வேண்டியது அவர்கள் மட்டும் அல்லர். அறிவுசார் சொத்துரிமைக் கழகம் உரைகளின் ஒளிப்பதிவு குறித்துத் தமிழிலும் ஒரு சிறு கையேட்டை வெளியிட வேண்டும். நம் சமூக அமைப்புகளில் பணியாற்றும் வழக்கறிஞர்கள் ஓரிருவர் மாதம் ஒருமுறை இக்குழுக்களின் ஐயங்களுக்கு விடையளிக்க முன்வரலாம். குழுக்களும் தாம் நீக்கியவை, வைத்துக்கொண்டவை, அவற்றுக்கான காரணங்கள் ஆகியவற்றை எவரும் பார்க்கும்படி ஒரு பட்டியலாக வைத்தால், அடுத்த முறை அதே சிக்கல் வரும்போது முன்பு என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று ஒப்பிட முடியும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

தங்கள் நாளிதழும் இதில் உதவ முடியும். ஞாயிறு பதிப்பில் சில வாரங்களுக்காவது ஒரு சட்ட வல்லுநரைக் கொண்டு, பேச்சுக் காணொளிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் வெளியிட்டால் நாடு முழுவதும் உள்ள தன்னார்வலர்களுக்குப் பயன்படும். முதல் கேள்வியாக, கோயில் நிர்வாகம் கலைக்கப்பட்டு, தோட்டமும் விற்கப்பட்டுவிட்ட நிலையில், அந்நிர்வாகம் பணம் கொடுத்து எடுத்த பழைய ஒளிநாடாக்களின் உரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்க விரும்புகிறேன். எங்கள் வட்டாரத்தில் அத்தகைய நாடாக்கள் பல வீடுகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. யாரிடம் இசைவு கேட்பது என்று தெரியாததால் அவற்றை எண்மமாக்கும் பணி நின்றுபோயிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.